பயனாளி ஏழு

நான்கு நிமிடம் பதினொரு வினாடி. சக்ரபாணி ஸ்டாப்வாட்ச்சை நிறுத்தி, நோட்டில் எழுதினார். எழுதியதும் மேல் வரியைப் பார்த்தார். போன திங்கட்கிழமை மூன்று ஐம்பத்தாறு.

சந்தீப் ஆறாவது பொத்தானையும் போட்டுவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினான். முன் வழுக்கையில் வியர்த்திருந்தது. முப்பத்தெட்டு வயது.

"நான் ஃபர்ஸ்ட்டா?"

"நாலு பதினொன்னுடா."

"ஹவ், ஃபர்ஸ்ட்டு!" என்றாள் உதவிக்கு இருக்கும் வசந்தகுமாரி. மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் குடும்பம். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு ஹவ்தான் வரும். "சட்டையக் கழட்டிக் குடு ராஜா. டேனியல், நீ வா. சார் ராக்கெட் விடணும்."

டேனியல் எழுந்து வந்து சல்யூட் வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான். இரண்டு நிமிடம் மூன்று வினாடி.

செகந்திராபாத் பக்கம் அல்வாலில் ஒரு வீட்டின் கீழ்த்தளம்தான் சென்டர். மூளை வளர்ச்சி குறைந்த பதினோரு பேர் காலையில் வந்து மாலையில் போவார்கள். எல்லோரும் முப்பது தாண்டியவர்கள். பள்ளிகள் பதினெட்டு வயதோடு அனுப்பிவிடும். அதற்குப் பிறகு இவர்களுக்கு எங்கும் இடமில்லை என்று பெற்றோர்கள் சேர்ந்து தொடங்கியது. மருந்துக்கடைக்குக் காகிதக் கவர் ஒட்டுவார்கள். சேர்ந்து சாப்பிடுவார்கள். சண்டை போடுவார்கள். ஜூன் மாதம் வாடகை இரண்டு பங்காகிறது. பெற்றோர்களில் பாதிப் பேர் பென்ஷனில் இருப்பவர்கள். ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு நிதி தருகிறது என்று போன வருடம் கேள்விப்பட்டார்கள். கிடைத்தால் சென்டர் நடக்கும். கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு மூடிவிடுவது என்று பேசியாகிவிட்டது. விண்ணப்பத்துக்கு இன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்கு போர்ட்டல் மூடிவிடும்.

விண்ணப்பம் சக்ரபாணியின் பொறுப்பு. பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் முப்பத்து நான்கு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். படிவம் என்றால் அவருக்கு பயமில்லை. ஆனால் இந்தப் படிவம் அவருக்குப் புரியவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. அதனால் என்ன விளைந்தது என்று ஒரு கேள்வி. விளைந்ததால் என்ன மாறியது என்று ஒரு கேள்வி. மூன்றுக்கும் ஒரே பதிலை எழுதினால் போர்ட்டல் சிவப்பாக மாறியது. மாற்றத்தை எப்படி அளந்தீர்கள் என்ற கேள்வி வந்தபோதுதான் கால் தரையில் பட்டது போல இருந்தது. அளப்பது அவருக்குத் தெரியும்.

ஜூலையில் தொடங்கினார். தன் பழைய ஆபீஸ் சட்டை ஒன்றைக் கொண்டு வந்தார். வெள்ளை, முழுக்கை, ஆறு பொத்தான். எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே நாற்காலி, திங்கள் காலை ஒன்பது நாற்பது. பெயர் எழுதக் கூடாது என்று விதி இருந்ததால் எண் கொடுத்தார். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி சந்தீப்புக்கு ஏழு வந்தது. முப்பத்திரண்டு திங்கட்கிழமைகள். நேற்று மாலை வரைபடம் போட்டபோது பத்துக் கோடுகள் இறங்கின. ஒன்று ஏறியது. இன்று காலை ரீடிங்குகளையும் சேர்த்து அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பார்வைக்கு அனுப்பினார். கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது.

இரண்டு மணிக்கு ஸ்ரீஜா அழைத்தாள். அறக்கட்டளை அலுவலகத்தில் விண்ணப்பங்களைப் பார்ப்பவள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். முதல் நாளே அவரை அங்கிள் என்று கூப்பிட்டுவிட்டாள்.

"அங்கிள், கிராஃப் பாத்தேன். செவன் மட்டும் செம்மையா ஏறுது! அவரையே சக்சஸ் ஸ்டோரியா போட்டுடலாம். நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

"ஏறக் கூடாதும்மா. அது நேரம். ஏறினா மோசம்."

கீபோர்டு சத்தம் நின்றது.

"ஓ." பிறகு சொன்னாள்: "அப்ப செவனை எடுத்துடுங்க அங்கிள். மினிமம் பத்துப் பேர் இருந்தா போதும். பதினொண்ணுக்கு ஆவரேஜ் எடுத்தா டார்கெட் தொடல. பத்துக்கு எடுத்தா தொட்டுடுது. நானே போட்டுப் பாத்துட்டேன்."

"எடுத்துட்டா அவன் சென்டருக்கு வரலாமா?"

"வரட்டும் அங்கிள், யாரு வேணாம்னா? பேப்பர்ல இருக்க மாட்டார், அவ்ளோதான். செவனை எடுத்தா போர்ட்டல் ரீசன் கேக்கும். ட்ராப்-அவுட்னு போட்டுடுங்க. அவர் ரெகுலரா வர்றாரா?"

"தினமும் முதல் ஆளா வர்றான்."

"அப்ப அதர்ஸ்னு போட்டு ஒரு வரி எழுதுங்க. அஞ்சு மணிக்குள்ள. ப்ளீஸ் அங்கிள்."

ஏழு யார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஆய்வகத்தில் ஒரு ரீடிங்கை ஒதுக்கலாம். ஆனால் காரணம் எழுத வேண்டும். காரணம் இல்லாமல் ஒதுக்குவது திருட்டு என்று புதிதாக வருகிறவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். ரீடிங் தவறாகத் தெரிந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். அவர் ஸ்டாப்வாட்ச்சைக் கைபேசிக்குப் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓட விட்டார். இரண்டும் ஒன்றாகவே ஓடின. நாற்காலியைப் பார்த்தார். அதே நாற்காலி. ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார்.

காஜாக்கள் பெரிதாக இருந்தன. பொத்தானை விட ஒரு மடங்கு பெரிது. பிளேடால் நீட்டி வெட்டி, பிரியாமல் இருக்கச் சுற்றிலும் வெள்ளை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தது. ஆறிலும். அந்தத் தையல் அவருக்குத் தெரியும். வீட்டுத் தலையணை உறைகளிலெல்லாம் இருக்கிறது.

வசந்தகுமாரி கவர் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நக்கோ சார், என்னக் கேக்காதீங்க," என்றாள். "அம்மாவக் கேளுங்க."

அவர் மனைவி ஜலஜா சமையலறையில் பதினோரு டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தாள். டீ கொதித்தது.

"இது யார் வெட்டினது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்தாள்.

"நான்தான்."

"எப்போ?"

"தசரா லீவுல."

"ஏன்?"

"அதுக்கு முந்தின வாரம் மூணாவது பட்டன்ல நின்னுட்டான். விரல் போகுது, பட்டன் போகல. நீங்க வாட்ச்சப் பாத்துட்டு இருந்தீங்க. நான் அவன் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தேன்."

அக்டோபர் நடுவில் எல்லாக் கோடுகளும் சட்டென்று இறங்கியிருந்தன. ஏழும் அந்த வாரம் மட்டும் இறங்கியிருந்தது. பயிற்சி பலன் தரத் தொடங்கிய இடம் என்று விண்ணப்பத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தார். நல்ல பத்தி என்று ஸ்ரீஜா சொன்னாள்.

"அப்ப மத்த பத்துப் பேருக்கும் இதே காஜாதானே?"

"ஒரே சட்டைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அவங்க கத்துக்கிட்டாங்களா, காஜா பெருசானதால போட்டாங்களா?"

"டேனியல் கத்துக்கிட்டான். வீட்ல சர்ச்சுக்குப் போறப்ப அவனே போட்டுக்கறானாம், அவங்கம்மா சொன்னாங்க. மத்தவங்கள எனக்குத் தெரியாதுங்க."

அவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை. பத்து நல்ல கோடுகள் இருந்தன. அவை எதைச் சொல்கின்றன என்று தெரியவில்லை. ஒரே ஒரு கோடு மட்டும் தெளிவாக இருந்தது. கருவி அவனுக்குச் சாதகமாக இருந்தும் ஏறிய கோடு. ஆய்வகமாக இருந்தால் பத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த ஒன்றைத்தான் வைத்துக்கொண்டிருப்பார். ஸ்ரீஜா அந்த ஒன்றைத்தான் எடுக்கச் சொல்கிறாள். அவர் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் சொல்வது சரி என்று யோசித்தார்.

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"அதுக்கு முந்தின பொங்கலுக்கே தெரியும். பாத்ரூம் லைட் எந்த ஸ்விட்ச்சுன்னு கேட்டான். முப்பது வருஷமா அதே வீடு, அதே ஸ்விட்ச்." அவள் டீயை வடிகட்டினாள். "இவங்களுக்கு வயசு சீக்கிரம் வந்துடும்னு டாக்டர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? உங்களுக்கு அப்ப டூர்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?"

அவள் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போனாள். கூடத்தில் டேனியல் யாருக்கோ சல்யூட் வைக்கும் சத்தம் கேட்டது. அவன் சல்யூட் வைக்கும்போது காலைத் தரையில் அடிப்பான்.

நாலே கால் மணிக்கு ஆட்டோக்கள் வரத் தொடங்கின. ஒவ்வொருவராகப் போனார்கள். வசந்தகுமாரி டிபன் டப்பாக்களைச் சரிபார்த்து ஏற்றிவிட்டாள். டேனியலின் அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா சார்? அனுப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுபது வயது. மாடி ஏற முடியாததால்தான் கீழ்த்தளம் தேடினார்கள். "இதோ அனுப்பறேன்," என்றார் சக்ரபாணி. அவள் தலைக்கு மேல் கை குவித்துவிட்டுப் போனாள். அவருக்கா, வேறு யாருக்கா என்று தெரியவில்லை.

லேப்டாப் முன் உட்கார்ந்தார். பயனாளி ஏழின் எதிரே இருந்த கட்டத்தைத் தொட்டார். நீக்கவா என்று கேட்டது. காரணம் என்று ஒரு பட்டியல் விரிந்தது. இடம்பெயர்வு. திருமணம். வேலை கிடைத்தது. இறப்பு. விலகல். மற்றவை. மற்றவையைத் தேர்ந்தெடுத்தார். இருநூறு எழுத்துக்குள் என்று ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது. 'கருவியில் கோளாறு' என்று அடித்தார். அழித்தார். 'பயனாளியின் உடல்நிலை' என்று அடித்தார். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதையும் அழித்தார். அவன் ஒருவனுக்காகத்தான் இந்த இடத்தைத் தொடங்கினோம் என்பது ஒரு காரணமா, எதற்குக் காரணம் என்று பார்த்தார். பெட்டி காலியாக இருந்தது. நாலு ஐம்பத்தொன்று.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

சந்தீப் ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது நாற்பதுக்கான நாற்காலியில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தான். யாரும் சொல்லவில்லை. சக்ரபாணியின் கை தானாக ஸ்டாப்வாட்ச்சை எடுத்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் போனது. அங்கேயே நின்றது.

அவன் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டான். முதல் பொத்தானை இரண்டாவது காஜாவில் விட்டான். அது சுலபமாகப் போனது. அடுத்தது மூன்றாவதில். ஒவ்வொரு முறையும் விரல் பொத்தானைத் தேடியது, கண்டுபிடித்தது, பிறகு துளையைத் தேடியது. வாசலில் ஜலஜா ஆட்டோக்காரனிடம் தெலுங்கில் கொஞ்சம் இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்டாப்வாட்ச்சில் பூஜ்ஜியங்கள் அசையாமல் இருந்தன. திரையில் ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. ஐந்து பொத்தான் போட்டாகிவிட்டது. சட்டையின் ஒரு பக்கம் மேலே ஏறி நின்றது. ஆறாவதற்குக் காஜா இல்லை. சந்தீப் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பிடியை விடாமலே நிமிர்ந்து சிரித்தான்.

"அப்பா, நான் ஃபர்ஸ்ட்டா?"