முரசுமோட்டை முடக்கு

தங்கச்சியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் பின்னேரம் சுமன் முரசுமோட்டை முடக்குக்கு நடந்து போனான். பேச்சியம்மா, கார் அடிபட்ட அதே இடத்தில் நெல் காயப் போட்டிருந்தாள். தார் றோட்டில் பாதியை மறித்து, ஓரத்தில் கல்லும் பூவரசங்கொப்பும் வைத்து, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தாள். வேறு எங்கே போடுவாள்? சிறுபோக நெல் வெட்டினால் இந்தப் பக்கத்துக்கு றோட்டுத்தான் களம். சுமன் வீட்டு நெல்லும் அடுத்த வளைவில்தான் காயும்.

காலையில் அப்பா தில்லைநாதன் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு முகம் பார்க்காமல் சொல்லியிருந்தார்.

"நாளைக்குப் பொலிசில நெல்லில கார் சறுக்கினதெண்டு சொல்லு. வேகமெண்டு எழுதினாங்களோ, நீ உள்ளுக்க. ஒரு பிள்ளையைக் குடுத்தாச்சு."

"அந்த மனிசியை வழக்கில இழுப்பாங்கள் அப்பா. நாங்களும் றோட்டிலதானே போடுறம்."

"எங்கட நெல்லில ஒருத்தரும் சாகேல்லை. அவள் மலைநாட்டிலயிருந்து வந்தவள், அவளுக்காக ஆர் வந்து கதைக்கப் போகினம்?"

குசினிக்குள் அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு திரும்பவும் தொடங்கியது.

கார் அடிபட்ட அன்று தங்கச்சி கஜேந்தினிக்குப் பரந்தனில் தையல் வகுப்பு முடிந்திருந்தது. அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது ஒரு பஸ் கோன் அடித்து முந்திப் போனது. "பஸ்ஸே வெட்டிப் போட்டுது. அண்ணா, நீ காரே ஓடுறாய், மாட்டுவண்டிலே?" என்று சிரித்தாள். சுமன் வேகத்துக்கு மிதித்தான். வாடகைக்கு ஓடுகிற அந்தப் பழைய கார் பின்சில்லால் தள்ளிப் போகிற வகை. வலப்பக்கம் திரும்புகிற இந்த முடக்கை எண்பது கிலோமீற்றர் வேகத்தில் எத்தனையோ தரம் எடுத்திருக்கிறான். அக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்தால் பின்பக்கம் குந்தி நிற்கும். நடுவளைவில் காலை எடுத்தாலோ, பிறேக்கைத் தொட்டாலோ பாரமெல்லாம் முன்னுக்குச் சாயும், பின்சில்லு றோட்டை விட்டுவிடும். இது அவனுக்குத் தெரியும். முடக்குக்குள் கல்லும் கொப்பும் தெரிந்ததும் கால் தன்பாட்டில் பிறேக்குக்குப் போனது. காரின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. ஸ்ரேறிங்கை எதிர்ப்பக்கம் வெட்டினான், பிந்திவிட்டது. கார் குறுக்காக நெல்லுக்குள் ஏறி றோட்டோர மதகில் அடித்தது. அடி விழுந்தது இடப்பக்கக் கதவில். கஜேந்தினி இருந்த பக்கம்.

ஓடிவந்த சனம் நெல்லை றோட்டு முழுக்க உழக்கிவிட்டது. பொலிஸ் வந்தபோது எங்கும் நெல்தான் கிடந்தது.

பேச்சியம்மா அவனைக் கண்டதும் கிளறுவதை நிறுத்தினாள்.

"அந்தப் புள்ளைக்கு நாந்தான் தண்ணி குடுத்தேன் தம்பி. வாயில நிக்கல."

அவன் மதகைப் பார்த்தான்.

"நெல்லுதான் காரணம்னு ஒங்க அப்பா கடையில சொல்றாராம். என்னிய உள்ள போட்டா எம் மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா?" ஓரத்துக் கல்லைக் காட்டிக் கேட்டாள்: "நான் கல்லு வச்சிருந்தேனே. பாத்தீங்கதானே?"

"பாத்தனான்."

கிழக்கே வானம் கறுத்து வந்தது. அவள் ஈர்க்கு விளக்குமாறை எடுத்து நெல்லைக் கூட்டிக் குவிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு நெல் மதகடியில் கொஞ்சம்தான் கிடந்தது. இன்றைக்கு விளைச்சல் முழுவதையும் பரப்பியிருந்ததால் மதகிலிருந்து பரந்தன் பக்கமாக நீளத்துக்குக் கிடந்தது. கூட்டக் கூட்ட அடியிலிருந்து கறுப்பாக ஒரு கோடு வெளியே வந்தது. அன்றைக்குக் கார்ச் சில்லு தேய்ந்த தடம். வளைந்து மதகை நோக்கிப் போனது. மறுபக்கம் அது எங்கிருந்து வருகிறதென்று சுமன் பார்த்துக்கொண்டே நடந்தான். அன்றைக்கு நெல்லே இல்லாத வெறுந்தாரில், முடக்கின் நடுவில், அது தொடங்கியிருந்தது. பிறேக்கில் கால் போன அந்த இடத்தில் நின்றான்.

பேச்சியம்மா குனிந்தபடியே கூட்டி வந்தாள். அவளுக்கு அது றோட்டில் கிடக்கிற கறுப்பு, அவ்வளவுதான். தடத்தில் ஒட்டியிருந்த மணிகளையும் விடாமல் சுரண்டி எடுத்தாள். முதல் துளி தாரில் விழுந்தது.

"காலை எடுங்க தம்பி."

விளக்குமாறு அவன் செருப்பில் முட்டி நின்றது.