நான்காவது மாடிக்கு ஒரு முழம் மேலே

கதவுச் சாவியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மொட்டை மாடியிலிருந்து படிகளைத் தாவித் தாவி இறங்கினான் லிஃப்ட் மெக்கானிக். தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிய போனில் கட்டட மேனேஜர் பொரிந்துகொண்டிருந்தார்.

"கீழ நின்னு பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தேஞ்சிடுச்சுப்பா. ஏன் நின்னுச்சு?"

சாவியைக் கைக்கு மாற்றினான். "மோட்டார் சார். சூடாயிடுச்சு."

"உள்ள ஆள் இருக்கா?"

"தெரியல சார்."

"போன மாசமே சொல்லிட்டேன். இனி ஒரே ஒரு புகார் வந்தாலும் நீ வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான். இரு, நானும் மேல வர்றேன்."

நான்காவது மாடி. தரைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நின்றது லிஃப்ட். கதவில் காதை வைத்தான். அலறல் இல்லை, தட்டல் இல்லை. மூச்சு முட்டி மயங்கிவிட்டார்களோ? சாவியைத் திருகிக் கதவை நெம்பினான்.

உள்ளே நான்கு பேர். நான்கு தலைகளும் கவிழ்ந்திருந்தன. நான்கு முகங்களிலும் நீல வெளிச்சம்.

"இறங்குங்க சார்," என்றான் முன்னால் நின்ற டை கட்டியவரிடம்.

"அஞ்சாவது மாடி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்." கூசாமல் சொன்னான்.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு முழம் கீழே குதித்து, சம்பந்தமே இல்லாத ஆபீசுக்குள் நுழைந்து போனார் அவர்.

அடுத்தவள் கல்லூரி மாணவி. "கதவைச் சாத்துங்கண்ணா, ஸ்க்ரீன்ல வெளிச்சம் அடிக்குது." கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளை இறக்க முடிந்தது. மூன்றாமவன் பார்சல்காரன். விளையாட்டில் யாரையோ சுட்டு முடித்த பிறகே காலை வெளியே வைத்தான்.

அதற்குள் மேனேஜர் மூச்சு வாங்க வந்துவிட்டார். "தம்பி, உள்ள மாட்டிக்கிட்டதுல புகார் எதுவும் உண்டா?"

"மாட்டிக்கிட்டாங்களா? யாரு சார்?" என்றபடி பார்சல்காரன் நடையைக் கட்டினான்.

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பியது. வேலை பிழைத்தது.

அப்போதுதான் பின் மூலையிலிருந்த நான்காவது தலை நிமிர்ந்தது. துப்பட்டாவால் இழுத்துக் கட்டிய வலது கன்னம் உப்பிப் போயிருந்தது. மேல் மாடிப் பல் டாக்டரிடம் கிளம்பியவள். அவன் மனைவி.

"நீ எப்பம்மா வந்த?" என்றான்.

வாயைத் திறக்க முடியாதவள் கையை நீட்டினாள். போன் அவன் கைக்கு வரவில்லை. மேனேஜர் கைக்குப் போனது.

மேனேஜர் கண்ணாடியைச் சரிசெய்து, புருஷனும் பெண்டாட்டியும் அனுப்பிக்கொண்ட மெசேஜ்களை உரக்கப் படித்தார். "'என்ன பண்றீங்க?' இது நீங்களாம்மா?"

அவள் தலையாட்டினாள்.

"'எண்ணெய் போடலாம்னு மெயின் சுவிட்சை அணைச்சேன். பூனையை எலி துரத்துற வீடியோ ஒண்ணு வந்துச்சு. பாத்துட்டு இருக்கேன்.'" நிமிர்ந்தார். "மோட்டார் சூடாயிடுச்சா?"

மெக்கானிக் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

"'அந்த லிஃப்ட்டுக்குள்ளதாங்க நான் நிக்கறேன். இருட்டா இருக்கு.' இதுக்கு நீ என்ன பதில் போட்டேன்னு ஞாபகம் இருக்காப்பா?"

சத்தியமாக இல்லை.

மேனேஜர் போனை அவன் பக்கம் திருப்பினார். நிமிர்ந்து நின்ற ஒரு மஞ்சள் கட்டைவிரல். அதன் பக்கத்தில், கண்ணில் நீர் வரச் சிரிக்கும் ஒரு முகம்.