மெழுகின் கீழ்த் துரு

மணிமுத்தாற்றின் மெலிந்த நீரோட்டம் காலை வெயிலில் வெள்ளிக் கம்பியென மின்ன, பழமலைநாதர் திருக்கோயிலின் ஓங்குநிலை வாயில்கள் பொன்னொளியில் மூழ்கி நிற்க, பீங்கான் சூளைகள் உமிழ்ந்த கரும்புகை இருப்புப்பாதையைக் கடந்து மேற்கே சாய்ந்துகொண்டிருந்த விருத்தாசலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டாம் ஆண்டின் புரட்டாசித் திங்களில் நிகழ்ந்தது இது. நற்றமிழ் நயம் உணர்ந்தோர் செவிசாய்ப்பீராக.

ஒரு சுவரை நடுவே கொண்ட இரண்டு கொல்லுப்பட்டறைகளில், சாமிக்கண்ணுவும் அவனினும் அகவையில் இளைய ராஜமாணிக்கமும், மல்லாட்டை எனும் வேர்க்கடலை விளையும் கொல்லைகளைக் கிளறி அழிக்கும் காட்டுப்பன்றிகளுக்கு இரும்புப் பொறிகள் செய்துவந்தனர். இருவர் இரும்பும் ஒன்றே. ஆயினும் ராஜமாணிக்கம் ஆவாரம்பட்டையைக் காய்ச்சிய சாற்றில் பொறியை அது கறுக்குமளவும் ஊறவைத்து, உலர்த்தி, குங்கிலியம் கலந்து உருக்கிய தேன்மெழுகில் தோய்த்தெடுப்பான். அப்பொறி அடைமழையிலும் துருவேறாது; இரும்பின் வாடை மறைவதால் பன்றியும் ஐயுறாது கால்வைக்கும். சாமிக்கண்ணுவும் அவ்வாறே பூசிப் பார்த்தான். பக்குவம் பிடிபடாமல் அவன் மெழுகு வெடித்து உதிர்ந்தது.

தன் மனைவியின் உடன்பிறந்தானே கம்மாபுரத்திலிருந்து வந்து, தலைகுனிந்தவாறு தன் பட்டறையைக் கடந்து, அடுத்த பட்டறையில் நான்கு பொறிகள் வாங்கிக் கோணிப்பையில் மறைத்துச் செல்லக் கண்ட நாளில், சாமிக்கண்ணு சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அவரு பொறி நல்லா இருக்குது, வாங்கிட்டுப் போறான். அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறீங்க?" என்றாள் மனைவி கமலம். அச்சொல் சம்மட்டியடியாய் விழுந்தது.

மறுநாள் நண்பகலில் ராஜமாணிக்கம் உணவுண்ணச் சென்றிருந்த வேளை பார்த்து, அழுக்காறு உந்தச் சுவரேறிக் குதித்த சாமிக்கண்ணு, கொதித்துக்கொண்டிருந்த பட்டைச்சாற்றில் மூன்று பிடி உப்பை இட்டுத் திரும்பினான்.

மழை பிறந்தது. வேப்பூர் உழவர் தனக்கோடி வாங்கிச் சென்ற பன்னிரண்டு பொறிகளிலும் மெழுகின் கீழே துரு புற்றெனப் பரவ, பொறியை மூடும் விற்கள் ஒவ்வொன்றாய் முறிந்தன. அவர் அவற்றை வண்டியில் கொணர்ந்து ராஜமாணிக்கத்தின் வாயிலில் கொட்டினார்.

"ஒங்கள நம்பித்தான் இருந்தேன். மூணு காணி மல்லாட்டையும் பன்னி தின்னுடுச்சிங்க" என்று மட்டும் கூறிப் போனார். சுவருக்கு இப்பால் நின்று கேட்ட சாமிக்கண்ணுவின் உள்ளம் அன்று குளிர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

உழவர் எவரும் தன்னை நாடாத ஒரு திங்கள் கழிந்து, மெழுகுச்சட்டியைக் கையில் ஏந்தி ராஜமாணிக்கம் சாமிக்கண்ணுவின் பட்டறைக்குள் வந்தான்.

"அண்ணே, எங்க தப்பு பண்ணேன்னு தெரியல. என் கை போயிடுச்சி. பக்குவத்த ஒங்களுக்குச் சொல்லித் தரேன். இனிமே நீங்க பூசுங்க. நான் சூளைக்கு மண்ணு சொமக்கப் போறேன்."

விரும்பிய யாவும் தானே வந்து கைகூடிய அப்பொழுதில், அவற்றைப் பற்றச் சாமிக்கண்ணுவின் கை எழவில்லை.

"ஒன் கை போவல. நான்தான் ஒன் பட்டைச் சாத்துல உப்பப் போட்டேன்."

ராஜமாணிக்கம் தன் உள்ளங்கைகளையே நோக்கினான்.

"எத்தினி பிடி?"

"மூணு."

"ஒரு மாசமா இந்தக் கைய நானே வெறுத்துக்கிட்டுக் கெடந்தேன்" என்றவன், சட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான்.

மறுநாளே சாமிக்கண்ணு வேப்பூர் சென்று, அழிந்த கொல்லையின் வரப்பில் நின்று தனக்கோடியிடம் உண்மையை உரைத்தான். ஊரும் அறிந்தது, ராஜமாணிக்கத்தின் உலை மீண்டும் கனன்றது, உழவர் திரும்பினர். பிறர் ஆக்கம் கண்டு வெதும்பிய நெஞ்சம் அழிக்க எண்ணியது அழியாது நின்றது. ஆனால், நாள்தோறும் சுவருக்கு அப்பாலிருந்து "அண்ணே, சாப்ட்டீங்களா?" என்று கேட்டுவந்த ராஜமாணிக்கத்தின் குரல், அதன்பின் அவன் வாழ்ந்த ஆண்டுகளில் ஒருநாளும் எழவில்லை.