இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

என் வீட்டுக்காரர் ஜான்பீட்டர் புதுச் சிவப்பு வண்டியின் டிக்கிக்குள் ஒரு பச்சை பிளாஸ்டிக் க்ரேட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெங்களூர் ஷோரூமிலிருந்து வந்திருந்த பிரதாப்புக்கு முகமே செத்துப்போனது. க்ரேட் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. டிக்கியில் விரித்திருந்த கம்பளமோ கை வைக்கவே கூச்சமாக இருக்கும்படி புதுசு. "சார், கீழ ஒரு பேப்பராவது போட்டுக்கலாமே" என்றார் பிரதாப். ஜான்பீட்டர் காதிலேயே வாங்கவில்லை. க்ரேட்டைக் குறுக்கே திருப்பினார், நெட்டுக்குத்தாக நிறுத்தினார், மூடியை இறக்கிப் பார்த்தார். மூடவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஓசூரில் பட்டறை வைத்திருக்கிறவர்கள் புத்தி அப்படித்தான். நாங்கள் ஒரு பெரிய கம்பெனிக்குத் தகட்டை அழுத்தி பிரஸ் பார்ட்ஸ் அடித்துக் கொடுக்கிறோம். அங்கே பார்ட்ஸ் தீரப்போகிறது என்று போன் வந்துவிட்டால் வாடகை டெம்போவுக்குக் காத்திருக்க முடியாது. அவர்கள் உற்பத்தி லைன் நின்றால் எங்கள் கதை முடிந்தது. முதலாளியோ முதலாளி பெண்டாட்டியோ, யார் கையில் சாவி இருக்கிறதோ அவர்கள் சொந்த வண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறக்க வேண்டும். எங்கள் வீட்டில் பறந்தது நான்தான். அவருக்கும் வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் முன்னால் எருமை போனால் அதற்குப் பின்னாலேயே போகிற ரகம். என் ஆம்னியைத் தூரத்தில் கண்டாலே அந்தக் கம்பெனி செக்யூரிட்டி, "அக்கா வந்துட்டாங்க, கேட்டத் தெற" என்று குரல் கொடுப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

அன்று ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்திருந்தோம். பிரதாப் ஒரு டிரைவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளாகக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தியிருந்தார். இரண்டும் ஒரே கம்பெனி. பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கு விளம்பரம் செய்ய எனக்கென்ன வந்தது. ஒன்று சிவப்பு. தரையோடு தாழ்ந்து, பாயத் தயாராக நிற்கும். கியர், கிளட்ச் எல்லாம் உண்டு. இன்னொன்று வெள்ளி நிறம். உயரமான, மெத்தென்ற சீட்டு, அகலக் கதவு, ஆட்டோமேட்டிக். "லக்சுரி வண்டில இதுதான் மேடம் மொதப் படி" என்றார் பிரதாப். எனக்குச் சிவப்பைப் படத்தில் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவருக்கு வெள்ளி. ஒரு மாதமாக வீட்டில் இதே பேச்சுத்தான். மற்ற பேச்சு எதையும் பேசாமலிருக்க இந்தப் பேச்சு நன்றாக உதவியது.

மற்ற பேச்சு என்னவென்றால், தவக்காலத்தில் சிலுவைப்பாதை ஜெபத்தில் முழந்தாளிட்டு எழுந்தபோது என் இடது கால் என்னோடு எழவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று நினைத்தேன். மரத்துப்போகவில்லை. பெங்களூரில் பெரிய டாக்டர் ஊசி குத்தி, ஒயர் வைத்து எல்லாம் பார்த்துவிட்டு, நரம்பில் வரும் வியாதி, இடது காலில் தொடங்கியிருக்கிறது, அங்கேயே நிற்காது என்றார். மருந்து இருக்கிறதா என்று கேட்டோம். தள்ளிப்போட இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது அத்திப்பள்ளி நெரிசலில் நின்றிருந்தோம். "புது வண்டி ஒண்ணு வாங்கிரலாம் பவுலினா" என்றார் ஜான்பீட்டர். டாக்டர் சொன்னதைப் பற்றி அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

எனக்குப் பயம். ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் சிவப்பு வண்டியை வாங்கினால் நான் இன்னும் ஓட்டுகிறவள். வெள்ளி வண்டியை வாங்கினால் ஏற்றி இறக்கப்படுகிறவள். என் கணக்கு அவ்வளவுதான்.

"மொதல்ல செவப்பு" என்று சாவியை வாங்கிக்கொண்டேன். அவர் பக்கத்தில், பிரதாப் பின்னால். ராயக்கோட்டை ரோட்டைப் பிடித்தேன். ஆகா, என்ன வண்டி அது. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. ரோஜாத் தோட்டங்கள், பாலித்தீன் கூடாரங்கள், செங்கல் சூளை எல்லாம் சரசரவென்று பின்னால் போயின. வியாதி, டாக்டர், ஒன்றும் நினைவில் இல்லை. "மேடம் ஓட்றத பாத்தா நான் இந்த வண்டிய விக்கவே வேண்டாம், தானா வித்துரும்" என்றார் பிரதாப். ஜான்பீட்டர் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். எத்தனையோ நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

உத்தனப்பள்ளி தாண்டும்போது முன்னால் போன தக்காளி டெம்போ திடீரென்று நின்றது. வலது கால் பிரேக்கை மிதித்தது. இடது காலை கிளட்சுக்குத் தூக்கினேன். தூக்கினேன் என்று நான்தான் நினைத்தேன். அது கீழேயே கிடந்தது. கையால் முழங்காலைப் பிடித்துத் தூக்கி வைத்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது. வண்டி ஒரு உதறு உதறி, டெம்போவை முட்டாத குறையாக அணைந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். டெம்போக்காரர் இறங்கி வந்து, "ஏனம்மா, காடி கெட்டோய்த்தா" என்று கன்னடத்தில் விசாரித்தார். வண்டி கெடவில்லை என்று எப்படிச் சொல்வது?

"புது வண்டி இல்லியா, அதான் கிளட்ச் டைட்டா இருக்குது" என்றேன்.

"இல்லியே மேடம், இந்த மாடல்ல கிளட்ச் வெண்ண மாதிரி இருக்கும்" என்றார் பிரதாப். பாவம், அவர் வேலையை அவர் பார்த்தார்.

ஜான்பீட்டர் இறங்கிச் சுற்றி வந்து, என் பக்கக் கதவைத் திறந்தார். நான் இடது காலைக் கையால் எடுத்து வெளியே வைத்தேன். பிரதாப் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவருக்கு ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் போலிருந்திருக்கிறது.

"சார், நீங்க போன்ல கேட்டீங்களே, நேத்தே ஷோரூம்ல ஒண்ண வச்சுப் பாத்தேன். வெள்ளில வீல்சேர் மடிச்சா தாராளமா போவுது. இதுலதான் டிக்கி மூடல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டறைக்குச் சொந்த டெம்போ வாங்கி வருஷக்கணக்காகிறது. இப்போது யார் காரில் க்ரேட் ஏற்றுகிறார்கள்? அவர் க்ரேட்டை வைத்து அளந்தது வீல்சேருக்கு. நான் பைத்தியக்காரி, சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"யாருக்குங்க வீல்சேரு?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்த்தார்.

"நான் நடந்துட்டுதான இருக்கேன். பூசைக்கு நடந்துதான வந்தேன். அதுக்குள்ள என்னைய மடிச்சு டிக்கில வச்சுட்டீங்களா?"

"உன்னைய இல்ல பவுலினா."

"வாங்கியாச்சா?"

அவர் தலையாட்டினார். "பட்டறையில, ஸ்டோர் ரூம்ல இருக்குது. உன் கண்ணுல படக் கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு வச்சிருக்கேன்."

பிரதாப் தள்ளிப் போய் யாருடனோ போன் பேசுவதுபோல் நின்றுகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு என் வீட்டுக்காரரைச் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. அவர் அந்தச் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் முன்னால்கூட அவர் அழவில்லை. நடுரோட்டில், தக்காளி டெம்போவுக்குப் பின்னால் அழுதார்.

"சரி, செவப்பே வாங்கிக்கலாம்" என்றார். "ஓட்ற வரைக்கும் ஓட்டு. வீல்சேர வண்டி மேல கேரியர் போட்டு கட்டிக்கிறேன். எவன் என்ன சொன்னா என்ன."

அவர் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பளபளக்கிற சிவப்பு வண்டியின் தலையில் கேரியர் போட்டு, கயிற்றில் நாற்காலி கட்டி, எருமைக்குப் பின்னால் இவர் ஓட்டிப் போவதை நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

திரும்பும்போது பிரதாப் ஓட்டினார். பட்டறை முற்றத்தில் வெள்ளி வண்டி வெயிலில் நின்றிருந்தது. பிரதாப் எனக்காக டிரைவர் கதவைத் திறந்து, "இதையும் ஓட்டிப் பாருங்க மேடம். எடது காலுக்கு வேலையே இல்ல" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அங்கேயே நிற்காது என்று டாக்டர் சொன்னது எனக்கல்லவா தெரியும். ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று நன்றாகத்தான் இருந்தது. பின் கதவைத் திறந்து, முதலில் உட்கார்ந்து, பிறகு காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டேன்.

"நீங்க ஓட்டுங்க" என்றேன்.

"எங்க போகணும்?"

"எங்கயாச்சும். இதையே வாங்கிருவோம். உட்காந்து பழகணுமில்ல."

ஜான்பீட்டர் ஏறி சீட்டைச் சரிசெய்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஓட்டி நான் பின்னால் உட்கார்ந்ததில்லை. பிடரியில் முடி அவ்வளவு நரைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். அவர் கையை உயர்த்தி நடுக் கண்ணாடியைத் திருப்பினார், இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"சார், ரொம்ப எறக்கிட்டீங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரதாப். "பின்னாடி வர்ற வண்டி தெரியாது."

"தெரியுது தம்பி" என்றார் அவர்.

கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் இருந்தன. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவருக்கு நன்றாகத் தெரியும்படி நடுவில் நகர்ந்து உட்கார்ந்தேன்.