கயிறு வேண்டாம்

கங்கையா ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டரைக்கே டெம்போ வந்து நின்றது.

அம்சவேணி பட்டியின் படலைத் திறக்கவில்லை. மூன்று பன்றிகளும் உள்ளே நிழலில் படுத்திருந்தன. கால்நடைப் பண்ணையில் குட்டியாக வாங்கிய வெள்ளைப் பன்றிகள். அவள் ஊரான குடிபாலாவில் அவற்றைச் சீமைப் பன்றி என்பார்கள். பத்து மாதமாக ஓட்டல் மிச்சம் தின்றன. சீசன் வந்த பிறகு கூழ் ஃபேக்டரி கொட்டும் மாம்பழத் தோல் தின்றன. நேற்று மாலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. அறுப்புக்கு முந்தின நாள் தீனி வைக்கக் கூடாது என்று கங்கையா சொல்லி அனுப்பியிருந்தார். அவளும் நேற்று மாலையிலிருந்து சாப்பிடவில்லை.

கங்கையா பன்றி வியாபாரி. சித்தூருக்கு வெளியே அவருக்கு அறுப்புக் கொட்டகை இருந்தது. அவர் முன்னால் இறங்கினார். பின்னால் இரண்டு ஆட்கள் குதித்தார்கள். ஒருவன் தோளில் கயிற்றுச் சுருள். இன்னொருவன் கையில் மூங்கில்.

"கயிறு வேணாம்," என்றாள் அம்சவேணி.

"கயிறு இல்லாம எப்படிம்மா?"

"நானே ஏத்தறேன்."

"போன வருசம் நீதான் கூப்ட்ட. வந்துச்சு, கட்டினோம், பூட்டோம். இப்ப இன்னா புதுசா?"

போன வருடம் இரண்டு. அவள் பக்கெட்டைத் தட்டினாள். தட்டினால் தீனி என்று அவற்றுக்குத் தெரியும். ஓடி வந்தன. சுருக்கு விழுந்தது. நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, மூங்கிலில் கோத்துத் தலைகீழாகத் தூக்கினார்கள். பன்றி கத்துவதைச் சிறு வயதிலிருந்து அவள் கேட்டிருக்கிறாள். அந்த இரண்டும் அவளைப் பார்த்துக் கத்தின. வண்டி நெடுஞ்சாலையில் ஏறும் வரை சத்தம் கேட்டது. அதுவரை அவள் பக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் கெட்டது. படுத்தால் ஒரு மணி நேரம். பிறகு விழிப்பு.

கணவன் முனியப்பன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான். பன்றி போகிற வாரத்தில் வரமாட்டான். மேஸ்திரி விடவில்லை என்பான். இரண்டு மாதம் கழித்து அவன் புதிய குட்டிகளைக் கொண்டுவந்து பட்டியில் விட்டபோது அவள் ஒன்று மட்டும் சொன்னாள்.

"இதுங்க கத்தாம போவணும்."

அவன் தலையாட்டிவிட்டுப் பெங்களூர் பஸ் ஏறினான்.

இப்போது அவள் படலைத் திறந்து உள்ளே போனாள். கையில் செம்பு. செம்பில் மஞ்சள் தண்ணீர், இரண்டு வேப்பிலை.

கங்கம்மா கோயில் ஜாத்ரையில் ஆட்டின் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்தால் அது உத்தரவு. சிலிர்க்கும் வரை யாரும் கத்தியை எடுக்கமாட்டார்கள். எத்தனை நேரமானாலும் நிற்பார்கள். அவள் பார்த்த ஆடுகள் எல்லாம் கடைசியில் சிலிர்த்தன. கேட்டு அனுப்பினால் அது ஏமாற்றுவதாகாது. ஒரு வாரமாக அவள் இதை நினைத்து வைத்திருந்தாள்.

பெரியதன் முதுகில் ஊற்றினாள். பன்றி கண்ணை மூடியது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பன்றி புரண்டு வயிற்றைக் காட்டியது.

வேலிக்கு அந்தப் பக்கம் சென்னம்மா பல் விளக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அவள் துப்பிவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

"உத்தரவு கேக்கறேங்க்கா."

"பன்னிகிட்டயா?"

"உம்."

"ஆட்டுக்கு ஊத்தினா குளுரும். ஒதறும். பன்னிக்கு ஊத்தினா சொகமா படுத்துக்கும். நாளிக்கு வரைக்கும் ஊத்து, எந்திரிக்குதா பாக்கலாம்."

அம்சவேணி மறுபடி ஊற்றினாள்.

"எங்கூட்டுக்காரன் மேல ஊத்து. தண்ணின்னா அவன்தான் ஒதறிக்கினு ஓடுவான்."

கங்கையாவின் ஆட்கள் சிரித்தார்கள். இரண்டாவது பன்றி வந்து பெரியதன் பக்கத்தில் படுத்து முதுகைக் காட்டியது. மூன்றாவது சிறியது. அது தரையில் ஓடிய மஞ்சள் தண்ணீரை நக்கிக் குடித்தது. பிறகு அந்தச் சேற்றிலேயே படுத்தது. ஒன்றும் சிலிர்க்கவில்லை.

கங்கையாவுக்கு அவசரம் வந்தால் தெலுங்கு வரும். "எண்ட எக்கிபோதாந்தி," என்றார். "வெயில் ஏறினா வெள்ளைப் பன்னி வழியிலயே பூடும்மா. ஒனக்குத் தெரியாததா? ஒம்பதரை வரைக்கும் நிக்கறேன். அப்பால கயிறுதான். தப்பா எடுத்துக்காத."

செம்பு காலியானது. அவை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் உத்தரவு கேட்டு ஊற்றியது அவற்றுக்குக் குளிக்கக் கிடைத்த தண்ணீர், அவ்வளவுதான்.

அவள் வெளியே வந்து டெம்போவின் தரையைத் தொட்டுப் பார்த்தாள். இரும்புத் தகடு. அந்நேரத்துக்கே சுட்டது.

"இதுலயா நிக்கும்?"

"போன வருசம் நின்னுதே," என்றான் டிரைவர்.

"போன வருசம் கட்டிப் போட்டிருந்தீங்க."

போர்வெல் குழாயடிக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தகட்டில் ஊற்றினாள். ஆவி எழுந்தது. இன்னொரு குடம். பிறகு பட்டியிலிருந்து ஈர மண்ணைக் கூடையில் அள்ளிவந்து பரப்பினாள்.

"கழுவறது யாரு?" என்றான் டிரைவர்.

"நான்."

சென்னம்மா முணுமுணுத்துக்கொண்டே இரண்டு குடம் கொண்டுவந்து கொடுத்தாள். ஏறுவதற்குப் பலகையைச் சாய்த்தார்கள். பலகை ஆடாமல் இருக்க அம்சவேணி அடியில் செங்கல் வைத்தாள்.

"பக்கெட்ட தட்டுடி. ஒரே நிமிசத்துல ஏறிடும்," என்றாள் சென்னம்மா.

"அத்த தட்டமாட்டேன்."

"பின்ன எப்படிக் கூப்புடுவே?"

அம்சவேணி பட்டிக்குப் போனாள். படலைத் திறந்தே விட்டாள். பலகையில் ஏறி டெம்போவுக்குள் போய், மூலையில் மண்ணின் மேல் உட்கார்ந்தாள்.

"நீ எங்கம்மா?" என்றார் கங்கையா.

"நானும் வரேன்."

"அங்கயா? பொம்பளைங்க அங்க வரமாட்டாங்கம்மா."

"வரேன்."

கங்கையா ஆட்களைப் பார்த்தார். ஆட்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தார்கள்.

பெரியது முதலில் எழுந்தது. படலைத் தாண்டி வந்தது. பலகையை முகர்ந்தது. திரும்பிப் போனது. மறுபடி வந்து முகர்ந்தது. அம்சவேணி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை. பலகை வளைந்தது. பன்றி உள்ளே வந்து ஈர மண்ணைக் கிளறி, இரண்டு சுற்றுச் சுற்றி, அவள் காலருகே விழுந்து படுத்தது. இரண்டாவது அதன் பின்னாலேயே ஏறியது.

சிறியது மஞ்சள் சேற்றில் கிடந்தது.

ஒன்பதரை ஆனது. கங்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிறு வைத்திருந்தவன் எழுந்தான். கங்கையா கையைக் காட்டினார். அவன் உட்கார்ந்தான்.

டெம்போவுக்குள் பெரியது உறுமியது. பட்டியில் சிறியதன் காது நிமிர்ந்தது. மறுபடி உறுமல். சிறியது சுற்றிலும் பார்த்தது. பட்டியில் வேறு யாரும் இல்லை. எழுந்து நின்றது. உடம்பை உதறியது. சேறு நாலு பக்கமும் தெறித்தது.

"தா, குடுத்துட்டது பார் உத்தரவு," என்றாள் சென்னம்மா.

"சேத்த ஒதறுதுக்கா."

"எதையோ ஒதறுது. போடி."

சிறியது ஓடிவந்து பலகையில் வழுக்கி, மறுபடி கால் ஊன்றி ஏறிக்கொண்டது. டிரைவர் பின் கதவைப் போட்டான். கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது. வேறு சத்தம் இல்லை.

சித்தூர் சாலையில் டெம்போ மெதுவாகப் போனது. கங்கையா டிரைவரிடம் அப்படிச் சொல்லியிருந்தார். வேலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று பின்னால் ஹாரன் அடித்துத் தாண்டியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் பன்றிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மூக்கைப் பிடித்தார். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஃபேக்டரி கேட்டில் மாம்பழ லாரிகள் வரிசையாக நின்றன. அந்த வாசனைக்குப் பெரியது மூக்கைத் தூக்கியது. பிறகு அதை அவள் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டது. மூக்கு ஈரமாகவும் கனமாகவும் இருந்தது. காலை அவள் எடுக்கவில்லை.

கங்கையாவின் கொட்டகை ஊரைத் தாண்டித் தனியாக இருந்தது. செங்கல் சுவர், தகரக் கூரை. பக்கத்திலேயே ஒரு சின்னப் பட்டி. வண்டியில் வந்த சூட்டோடு அறுக்கக் கூடாது, ஒரு மணி நேரம் நிற்கவேண்டும் என்றார் கங்கையா. அவள் பலகையில் இறங்கிப் பட்டிக்குள் நடந்தாள். மூன்றும் அவள் பின்னால் வந்தன. டியூப்பில் தண்ணீர் பிடித்து முதுகில் அடித்தாள். இந்த முறை எதையும் கேட்கவில்லை. குளிரட்டும் என்று அடித்தாள்.

பன்றிகள் அங்கே நின்றிருந்த நேரத்தில் அவள் டெம்போவைக் கழுவினாள்.

"இதுக்கு மேல உள்ள வர வேணாம்மா," என்றார் கங்கையா.

"சரி."

அவள் வெளிச்சுவரோரம் நிழலில் உட்கார்ந்தாள். காதைப் பொத்திக்கொள்ளலாம். பொத்தவில்லை.

இரும்புக் கதவு திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கதவு. ஒன்றும் இல்லை. மூன்றாவது முறை கதவு திறந்தபோது ஒரு கத்தல் வந்தது. அவள் எழுவதற்குள் நின்றுவிட்டது. ஒரு மூச்சு நேரம்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த கத்தலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது.

கங்கையா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "முடிஞ்சுதும்மா."

"எது கத்தினது?"

"எனுக்கு எப்படித் தெரியும்? மூணும் வெள்ளையா இருக்குது."

சிறியதாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். தனியாக நின்றிருக்கும். அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவினாள். மறுபடி அழுகை வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. பசி வந்தது.

அந்தப் பசியில் அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் பசித்தது. சித்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள். அவள் மிச்சம் எடுக்கிற ஓட்டல்களில் ஒன்று அங்கே இருந்தது. தினமும் பின்வாசலுக்குப் போகிறவள், அன்று முன்வாசல் வழியாகப் போய் மேசையில் உட்கார்ந்தாள். ஓட்டல்காரர் பார்த்தார்.

"பக்கெட் எங்கம்மா?"

"இன்னிக்கு வேணாண்ணா. நாலு இட்லி குடு."

நாலு இட்லி தின்றாள். போதவில்லை. ஒரு தோசை சொன்னாள். அடுத்த மேசைக்காரர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். அவள் மேல் பன்றி வாசனை அடித்தது. காபியும் குடித்தாள்.

எஸ்டிடி பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டாள். முனியப்பன் வேலை செய்யும் கட்டடத்துக்கு எதிரே உள்ள பெட்டிக்கடை நம்பர். வழக்கமாகக் கடைக்காரர் எடுத்து ஆளனுப்பிக் கூப்பிடுவார். இன்று முனியப்பனே எடுத்தான். காலையிலிருந்து அங்கேயே நின்றிருக்கவேண்டும்.

"கத்திச்சா?" என்றான்.

"ஏறும்போது கத்தல. வழியில கத்தல. உள்ள ஒண்ணு கத்திச்சு. ஒரு மூச்சு."

"அது எப்படி ஒனக்குத் தெரியும்?"

"கூடவே வண்டில போனேன்."

அவன் பக்கத்தில் கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"துன்னியா?" என்றான்.

"நெறைய துன்னேன்."

"நானும் துன்னல காலைலருந்து. இப்ப போய்த் துன்றேன்." பிறகு கேட்டான். "வேணாம்னா வுட்டுடலாம். பட்டிய பிரிச்சிடறேன். நீ சொல்லு."

வேண்டாம் என்று சொல்ல ஒரு வருடமாக அவளிடம் வார்த்தை தயாராக இருந்தது. இப்போது தேடினாள். இல்லை.

"குட்டி வாங்கலாம்யா. ஆனா அடுத்த தடவ நீயும் வண்டில ஏறணும்."

"மேஸ்திரி..."

"மேஸ்திரிய கூப்புடு. நான் பேசறேன்."

"இல்ல இல்ல. வரேன்."

"வரேன்னா?"

"ஏறறேன்டி."

வேலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவள் மூன்று பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்தில் உட்கார வந்த ஒரு பெண் மூக்கைச் சுளித்து முன்னால் போனாள். அடுத்து வந்தவரும் போனார். பஸ் நிறைந்தது. ஆட்கள் நின்றார்கள். அவள் சீட்டில் மட்டும் யாரும் உட்காரவில்லை. கால்களைச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தாள். பஸ் சித்தூரைத் தாண்டியது அவளுக்குத் தெரியாது.

"திகம்மா, எறங்கு," என்று கண்டக்டர் தள்ளி நின்று கம்பியைத் தட்டினார். "குடிபாலா. எத்தன வாட்டி கூப்புட்றது?"