காபூல் கரடியின் இடது முட்டு

முத்துநாயகத்தை எல்லோரும் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பரீட்சையில் அவன் இரண்டு தடவை தோற்றவன். நாகர்கோவில் வடசேரியில் டாக்டர் ஜான்ரோஸ் நடத்திய ஆறு கட்டில் ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவுவான், கட்டுப் போடுவான், பொடி மருந்தை நிறுத்துப் பொட்டலம் மடிப்பான். பொட்டலத்துக்குக் கையில் கிடைக்கும் காகிதத்தை எல்லாம் சதுரமாக வெட்டி அடுக்கி வைத்திருப்பான். பழைய பேப்பர், கல்யாண நோட்டீஸ், பரீட்சைத் தாள், எதுவானாலும் சரி. குஸ்தி நோட்டீஸை மட்டும் வெட்டமாட்டான்.

அவை மருந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தன. ஐந்து நோட்டீஸ், ஐந்திலும் ஒரே ஆள். மார்பை நிமிர்த்தி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சுயம்பு பயில்வான்.

சுயம்பு ஐந்து வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தான். முதல் சுற்றிலேயே விழுந்துவிடும் ஆளாக இருந்தால் முத்துநாயகம் அவனை மறந்திருப்பான். சுயம்பு எல்லோரையும் ஜெயித்துவிட்டுக் கடைசி ஆளிடம் தோற்பான். திருவனந்தபுரத்தில் காபூல் கரடி என்ற பயில்வான் அவன் கண்ணில் மண்ணை வீசினான். திருநெல்வேலியில் நாற்காலியைத் தூக்கி முதுகில் அடித்தான். தக்கலையில் ரெஃபரி வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்துத் தொண்டையில் முழங்கையை வைத்தான். மூன்று இடத்துக்கும் முத்துநாயகம் போயிருந்தான். தக்கலைக்குச் சைக்கிளில் போய், தோற்ற பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பியவன். ஏறி மிதிக்க மனசு வரவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதம், கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்ததும் ஒழுகினசேரி பக்கத்து வயலில் தட்டி அடைத்து மேடை போட்டார்கள். வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் மாலை நாலு மணிக்கு. தென்னாட்டு சாம்பியன் காபூல் கரடி மூன்று நாளும் சவாலுக்கு நிற்பார் என்றும், என்றைக்கு யார் அவரை வீழ்த்தினாலும் பெல்ட் அந்த ஆளுக்கு என்றும் நோட்டீஸ் சொன்னது. கரடிக்குத் தமிழ் தெரியாது, பச்சை முட்டை தவிர வேறு தின்னமாட்டார் என்றும் போட்டிருந்தது.

பொன்னுலிங்கம் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவன். முத்துநாயகத்தின் சிறுவயதுக் கூட்டாளி. அவன் குஸ்தியை நம்பமாட்டான். ஆனால் ஒன்றையும் விடாமல் பார்ப்பான்.

“லே மக்கா, இது கள்ளக் குஸ்தி. ரெண்டு பேரும் ஒரே சட்டியில கஞ்சி குடிச்சிட்டு வந்து அடிச்சிக்கிடுகானுவ.”

“கண்ணுல மண்ணு விழுந்தவனப் பாத்த நான் சொல்லுகேன். கள்ளமும் இல்ல, ஒரு மயிரும் இல்ல.”

“இந்தத் தடவையும் ஒனக்க ஆளு தோத்தா?”

“தோத்தா மீசைய எடுத்திருதேன்.”

“எலிவாலு போனா ஆருக்கு நஷ்டம்?” என்று பொன்னுலிங்கம் சிரித்தான்.

வியாழக்கிழமை கரடியும் சுயம்புவும் மோதியது சமமாக முடிந்தது. கரடி மேடையிலிருந்து இறங்கும்போது லேசாக நொண்டியதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை ஒரு வாடகைக் கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கம்பளியால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெரிய உருவம் இறங்கியது. கூட வந்த குஸ்தி மேனேஜர், “இவருக்குத் தமிழ் தெரியாது, டாக்டர். முட்டுல ஒரு வீக்கம்” என்றார். கம்பளியை எடுத்ததும் தாடி தெரிந்தது. முத்துநாயகத்தின் கையிலிருந்த கத்திரிக்கோல் கீழே விழுந்தது.

டாக்டர் இடது முட்டில் ஊசி போட்டு நீரை எடுத்தார். கரடி வாயைத் திறக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்தன. உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது, ஒரு மாதம் மேடை ஏறக்கூடாது என்றார் டாக்டர். மேனேஜர் தலையை ஆட்டினார். இன்றைக்கும் ஏற்றத்தான் போகிறார் என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

கட்டுப் போட்டது முத்துநாயகம். வெளிப்பக்கத்தில் விரல் பட்டபோதுதான் அந்த உடம்பு துள்ளியது. அந்த இடத்துக்குப் பஞ்சு கூட வைத்து, உறுத்தாதபடி முடிச்சை உள்பக்கம் போட்டான். வேலையில் அவனுக்குக் கள்ளம் கிடையாது. முடிந்ததும் கரடி அவன் தோளை இரண்டு தடவை தட்டினான். அந்தக் கை பட்டது முத்துநாயகத்துக்குப் பிடிக்கவில்லை. திருவனந்தபுரத்தில் மண் வீசிய கை.

கார் போன பிறகு டாக்டர் சொன்னார்: “முத்து, இஞ்ச பாத்தது இஞ்சயே இருக்கணும். நோயாளிக்க காரியம் வாசல் தாண்டப்பிடாது.”

“ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன், டாக்டர்.”

மாலையில் அவனும் பொன்னுலிங்கமும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அறுத்த நெல்லின் அடித்தாள் குத்தாமல் இருக்க வைக்கோல் பரப்பியிருந்தது. மூவாயிரம் பேர் இருப்பார்கள். தட்டிக்கு வெளியே தென்னையில் ஏறிப் பார்த்தவர்கள் தனி. கரடி கால் முழுக்க மூடும் கறுப்புக் கால்சட்டை போட்டு வந்தான். அதற்குள் இருந்த கட்டு முத்துநாயகத்துக்கு மட்டும் தெரிந்தது.

முதல் சுற்று சுயம்புவுக்கு. இரண்டாம் சுற்றில் கரடி கயிற்றில் சாய்ந்து நின்றே தப்பித்தான். மூன்றாம் சுற்றில் சுயம்புவின் உதடு கிழிந்தது. கரடி அவன் முதுகில் உட்கார்ந்து தாடையைப் பின்னால் இழுத்தான். சுயம்புவின் கை தரையை அடிக்கப் போவதுபோல் உயர்ந்தது. மூன்று தட்டு தட்டினால் தோல்வி. முத்துநாயகம் இதை நான்காவது தடவை பார்க்கிறான். அவன் எழுந்துவிட்டான்.

“சுயம்பு! எடது முட்டு! எடது முட்டுல சவுட்டு!”

அவனுக்கு நல்ல தொண்டை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அவனுக்கு எடது முட்டு போச்சு! நான் கண்டேன்! வெளிப்பக்கம் சவுட்டு!”

முன்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு பெஞ்சு, பிறகு தரை, பிறகு தென்னை மரம். எடது முட்டு, எடது முட்டு என்று மூவாயிரம் பேர் கத்தினார்கள். சுயம்பு எப்படியோ புரண்டு எழுந்தான். கூட்டத்தைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்தது பயம் என்று முத்துநாயகத்துக்கு அப்போது தோன்றவில்லை.

சுயம்பு கரடியின் வலது காலில் உதைத்தான்.

“அது இல்லலே! எடது!”

இடது காலில் உதைத்தான். செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிறவன்போல உதைத்தான். கரடி விழுந்து புரண்டான். கூட்டம் நம்பவில்லை. பின்னாலிருந்து ஒருத்தன், “கள்ளக் குஸ்தி!” என்றான். ஒரு கல் மேடையில் வந்து விழுந்தது. இன்னொன்று. மேனேஜர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ கெஞ்சினார். பெஞ்சுகளைத் தூக்க ஆரம்பித்தார்கள்.

கரடி எழுந்து சுயம்புவைக் கட்டிப் பிடித்தான். அவன் காதோரம் தாடி அசைந்தது. என்னமோ காபூல் பாஷையில் திட்டுகிறான் என்று முத்துநாயகம் நினைத்தான். கரடி விலகி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இடது காலை முன்னால் வைத்து நின்றான்.

சுயம்பு உதைத்தான். இந்தத் தடவை முழு பலத்தோடு, வெளிப்பக்கத்தில்.

காய்ந்த ஓலை மட்டை முறிவதுபோல ஒரு சத்தம். முன்வரிசைக்குக் கேட்டது. அதற்கடுத்து வந்த சத்தமும் முன்வரிசைக்குத்தான் கேட்டது.

“எக்கம்மோ! என்னப் பெத்த அம்மோ!”

கரடி மேடையில் கிடந்தான். சுயம்பு அவன் பக்கத்தில் முட்டுப் போட்டு விழுந்து, “அத்தான்! அத்தான், பாருங்க அத்தான்!” என்றான்.

பொன்னுலிங்கம் வாயைத் திறந்தபடி முத்துநாயகத்தைப் பார்த்தான். 

பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. மணி அடித்தது. ரெஃபரி சுயம்புவின் கையைத் தூக்கினார். மேடையில் ஏறிய கூட்டம் அவன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டது. சுயம்பு இறக்கிவிடச் சொல்லி அழுதான். சந்தோஷத்தில் அழுகிறான் என்று சொல்லி இன்னும் உயரத் தூக்கினார்கள். ஐந்து வருஷமாக முத்துநாயகம் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. அவன் வைக்கோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சனிக்கிழமை குஸ்தி நடக்கவில்லை.

கரடியை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே படம் எடுத்து, மாவுக்கட்டுப் போட்டு, ஜான்ரோஸ் டாக்டரிடமே திருப்பிக் கொண்டுவந்தார்கள். பெயர் நாராயணபெருமாள் என்றும், ஊர் கொல்லங்கோடு பக்கம் என்றும் டாக்டர் சீட்டில் எழுதினார். தாடியை எடுத்த பிறகு அவன் சாதாரணமாக இருந்தான், சந்தையில் வாழைக்குலை இறக்குகிற ஒரு ஆளைப்போல. அவன் மனைவி செல்லத்தாய், சுயம்புவின் அக்கா. வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரித்தாள்.

“ஆருகிட்டயாவது சொன்னியா முத்து?” என்று டாக்டர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல, டாக்டர்.”

அன்றைக்கே அலமாரிக் கதவிலிருந்த ஐந்து நோட்டீஸையும் சுரண்டி எடுத்தான். மீசையையும் எடுத்தான். பொன்னுலிங்கம் வாசலில் வந்து நின்று, “ஜெயிச்சவன் எதுக்குலே மீசைய எடுத்த?” என்றான். முத்துநாயகம் பஞ்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

சுயம்பு தினமும் வந்தான். கட்டில் பக்கம் போகமாட்டான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஐந்து வருஷமாகப் பத்தடி தூரத்திலிருந்து மட்டும் பார்த்த ஆள் இப்போது கைநீட்டும் தூரத்தில், நகத்தைக் கடித்துக்கொண்டு. ஒரு நாள் அவனாகவே கேட்டான்.

“நீங்க குஸ்தி பாப்பியளா, அண்ணாச்சி?”

“இல்ல. எனக்கு அதில பிடித்தம் இல்ல.”

“நல்லது” என்றான் சுயம்பு.

செல்லத்தாய் அடுப்பு மூட்டினால் முத்துநாயகத்துக்கும் ஒரு பங்கு வரும். மரச்சீனிக் கிழங்கு, சாளை மீன் குழம்பு. “தின்னுங்க, அண்ணே. கூடப் பிறந்தவன மாதிரி பாக்குதியளே” என்பாள். பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, முன்வரிசையில் இருந்து கத்தியவனைத் திட்டுவாள். அவன் நாக்கு அழுக வேண்டும், அவன் கையும் காலும் விளங்காமல் போகவேண்டும். முத்துநாயகம் முள்ளை எடுத்து இலையோரம் வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே தின்பான். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை.

எட்டாவது வாரம் மாவுக்கட்டை வெட்டினார்கள். கால் கைத்தடிபோல மெலிந்திருந்தது. முட்டு மடங்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை மடக்கிப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். செல்லத்தாய் தண்ணீர் எடுக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தாள்.

“பைய நீட்டுங்க. இன்னும் கொஞ்சம். நீட்டுங்க” என்றான் முத்துநாயகம்.

நாராயணபெருமாள் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: “ஒமக்கு நல்ல தொண்ட, கம்பவுண்டரே.”

முத்துநாயகத்தின் கை நின்றது.

“வந்த ரெண்டாம் நாளே தெரியும். நீட்டு, மடக்குன்னு நீரு சொல்லும்போ எல்லாம் அந்தச் சத்தம்தான். இந்த முட்டு கெட்டது வேற ஆருக்குத் தெரியும்?”

“ஒங்க மச்சினருக்கு, கத்தினது நாந்தான்னு...”

“அவங்கிட்ட சொல்லல்ல. அவளுட்டயும் சொல்லல்ல. சொன்னா அவன் ஒம்மக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போவான். அதுக்கா நான் அவன வளத்தேன்? சவுட்டுலேன்னு அவங்கிட்ட நாந்தான் சொன்னேன். இல்லேன்னா கல்லெறிஞ்சே ரெண்டு பேரையும் கொன்னிருப்பானுவ.”

முத்துநாயகம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான்.

“ஒண்ணும் பேசாதயும்” என்றான் நாராயணபெருமாள். “கெட்டப் போடும்.”

கட்டுப் போட்டான். முடிச்சை உள்பக்கம் போட்டான். தோளை யாரும் தட்டவில்லை.

மறுநாள் அவர்கள் ஊருக்குப் புறப்பட்டார்கள். சுயம்பு அத்தானைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தான். குஸ்தியை விட்டுவிட்டதாகவும், சொந்தக்காரர் ஒருவரின் மரக்கடையில் வேலைக்குப் போவதாகவும் சொன்னான். பிறகு ஏதோ ஞாபகம் வந்து, வண்டிக்குள்ளிருந்து சணல் கட்டிய ஒரு பெரிய காகிதக் கட்டை எடுத்து முத்துநாயகத்தின் கையில் கொடுத்தான்.

“அச்சடிச்சது சும்மா கெடக்கு, அண்ணாச்சி. ஒங்களுக்குப் பொட்டலம் மடிக்க ஆவும்லா.”

வண்டி திரும்பியது. செல்லத்தாய் பின்னாலிருந்து கையைத் தூக்கி, “அண்ணே, ஒடம்பப் பாத்துக்கிடுங்க!” என்றாள்.

அவன் மேசைக்கு வந்து சணலை அறுத்தான். அடுத்து நடக்கவிருந்த திருநெல்வேலிக் குஸ்திக்கான நோட்டீஸ். எல்லாம் புதுக் காகிதம், மடிப்புக்கூட விழவில்லை. சுயம்பு மார்பை நிமிர்த்தி நிற்கிறான். இடுப்பில் அச்சகத்தார் வரைந்து சேர்த்த பெல்ட். படத்துக்குக் கீழே பெரிய எழுத்து: “நாகர்கோவிலில் சென்ற சனிக்கிழமை காபூல் கரடியை வீழ்த்தி பெல்ட் வென்ற தென்னாட்டு சாம்பியன் சுயம்பு பயில்வான்!”

முத்துநாயகம் மறுபடி வாசித்தான். சனிக்கிழமை என்றுதான் இருந்தது. சுயம்பு ஜெயித்தது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை குஸ்தியே நடக்கவில்லை. நோட்டீஸ் அதற்கெல்லாம் முன்பே அச்சாகிவிட்டது.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் போதும், சுயம்பு எப்படியும் ஜெயித்திருப்பான்.

“கம்பவுண்டரே!” ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் எழுதிய சீட்டை நீட்டினாள். குழந்தைக்குக் காய்ச்சல். ஆறு பொடி.

முத்துநாயகம் கத்திரிக்கோலை எடுத்து ஒரு நோட்டீஸை ஆறு சதுரமாக வெட்டினான். பொடியை நிறுத்து, ஒவ்வொன்றிலும் கொட்டி, ஓரத்தை மடித்து, முனையைச் செருகினான். ஒரு பொட்டலத்தில் பெல்ட் விழுந்தது. ஒன்றில் பாதி முகம்.

“வேளைக்கு ஒண்ணு” என்றான். சத்தமே எழும்பவில்லை.

“என்ன சொன்னிய? கேக்கல்ல” என்றாள் அவள்.

அவன் ஒரு விரலைக் காட்டினான்.