பறக்கும் படகு இறங்கும் இடம்

எட்டு மாதமாகக் கணினியில், விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்காக, ஒரு பறக்கும் படகைக் கட்டினேன். தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய விமானம். சக்கரம் கிடையாது, தண்ணீரில்தான் இறங்கும். அதன் அடிவயிற்றில் படிபோல ஒரு வெட்டு சரியாக விழவேண்டும். இல்லாவிட்டால் எழும்பும்போது தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. அதற்கே ஒரு மாதம் ஆனது.

"யாருக்காவ இதைப் போட்டு உருட்டுதிய?" என்றாள் என் மனைவி சுகிர்தா.

எரிந்து விழுந்தேன். விமானத்தின் கதவை மட்டும் பழைய படத்தில் இருந்ததைவிட அகலமாக வைத்தேன். அண்ணன் பருத்த உடம்புக்காரன்.

சீவலப்பேரியில் ஆறு ஊருக்குள் புகுந்த வெள்ளத்தன்று, வீட்டிலிருந்து அவன்தான் போனில் கூப்பிட்டான். "ஏலே, தண்ணி மாடிப்படி ஏறிட்டு. ஒரு படகு பாரு. பதறாத, பைய வா." இங்கே வண்ணார்பேட்டையில் நின்று கண்டவர்களிடமெல்லாம் கேட்டேன். படகு வருகிறது, வருகிறது என்றே சொன்னார்கள். மறுநாள் அவன் உடல்தான் கிடைத்தது.

நேற்று சிமுலேட்டரில் ஆற்றின்மேலே பறந்து சீவலப்பேரிக்குப் போனேன். அதில் இருப்பது வெள்ளத்துக்கு முன்பு எடுத்த செயற்கைக்கோள் படம். அண்ணன் வீடு அப்படியே நின்றது, வாசலில் சிவப்பு டிராக்டரோடு. சுற்றிலும் காய்ந்த வயல். மூன்று முறை இறங்கினேன். மூன்று முறையும் விமானம் மண்ணில் மோதி நொறுங்கியது.

அங்கே இறங்கத் தண்ணீர் வேண்டும். வரைபடத்தில் நானே தண்ணீர் வைக்கலாம். அவன் வீட்டைச் சுற்றிக் கோடு இழுத்தேன். தண்ணீர் எத்தனை அடி உயரம் என்று திரை கேட்டது.

எனக்குத் தெரியும். போன் அணையும்வரை, தண்ணீர் ஏற ஏற, ஒவ்வொரு படியாக அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்.